காளியம்மா வேண்டாமென்ற மன்னிப்பு

சீமைக்குத் திரும்பும் மாஜிஸ்திரேட்டு துரைக்குப் போன மாதம் ஈப்போ பட்டணத்தில் பிரிவுபசாரம் நடத்தினார்கள். பேசிய வக்கீல்கள் எல்லாரும் அவரை ஏழைகளின் உரிமைக்குக் காவல் தெய்வம் என்றார்கள். காவல் தெய்வமாம்! அவருடைய கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிடும் பியூன் நான். அவர் எதைக் காவல் காத்தார் என்று எனக்குத் தெரியும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக் காளியம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

காளியம்மா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பவள். சிறுமியாகக் கப்பலேறி வந்தவள். நெட்டையான உடம்பு, அதைவிட நீளமான நாக்கு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி கெட்ட வார்த்தை சொன்னால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். இவள் அவன் முகத்தைப் பார்ப்பாள். அதற்காகவே செங்குத்தான மேட்டு மரங்களை இவள் தலையில் கட்டுவான். புருஷன் மாயாண்டி நேர் எதிர். தோட்டத்துத் துரையின் நாயைக் கண்டாலும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுகிற ஆசாமி.

லயம் என்ற கூலிகளின் வரிசை வீட்டில் வந்த காய்ச்சலுக்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். இரண்டாவது வயிற்றில் வந்ததும், இது அந்த லயத்தில் பிறக்கக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டால் எந்தக் கூலியும் தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. வந்தது வாஸ்தவம்தான். தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

காளியம்மா பெரட்டில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். ஒரு மாதம் ஒழுங்காக வேலை செய்தாள். மூட்டையோடு புறப்பட்ட அன்று, கேட்டில் நின்ற காவல்காரன் அதை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒட்டுப்பால் கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினான். ஒட்டுப்பால் என்பது மரத்தில் வழிந்து காய்ந்த ரப்பர். பிண நாற்றம் நாறும். அதைக் கட்டுச்சேலைக்குள் சுருட்டிக்கொண்டு ஒருத்தி பட்டணத்துக்குக் குடிபோகிறாளாம். கேழ்வரகில் நெய் வடிகிறதென்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? கேட்டவர் நம் காவல் தெய்வம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

திருட்டு வழக்கு ஈப்போவுக்கு வந்தது. குற்றம் சாட்டிய தோட்டத்துத் துரைக்கு மாஜிஸ்திரேட்டின் மேடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி. ஐந்து மாதக் கர்ப்பிணிக்குக் கூண்டு. நாற்காலிக்கும் கூண்டுக்கும் நடுவில் பத்தடி; அங்கே இருந்த நியாயம் இவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் ஜெயபாலன் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே, "திருடினியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. போறேன்னு சொல்லிட்டுப் போறவ நானு. எனக்கெதுக்கு அந்த நாத்தம்?"

அதை அவர் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள், பின்னால் நின்ற மாயாண்டி ஓடிவந்து மேடைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தோட்டத்தில் அது வழக்கம். தப்பு யார் மேல் என்று பார்ப்பதில்லை. முதலில் துரை காலில் விழ வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான். கோர்ட்டையும் அவன் பெரியதொரு தோட்டத்து ஆபீஸ் என்றே நினைத்துவிட்டான். அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

"தொரை, மன்னிச்சிடுங்க தொரை! பொம்பள புத்தி. நாங்க எங்கயும் போவல. தோட்டத்துலயே கெடக்கோம்."

வெள்ளைக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தீர்ப்பு உடனே வந்தது. தோட்டத்துத் துரை பெருந்தன்மையோடு மன்னிக்கிறார், இன்றே வேலைக்குத் திரும்ப வேண்டும், வழக்குத் தள்ளுபடி. அவள் திருடினாளா, கட்டியை மூட்டைக்குள் வைத்தது யார், தோட்டத்தை விட்டுப் போக அவளுக்கு உரிமை உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, பாவம்.

"அதிர்ஷ்டக்காரி நீ. கும்பிட்டுட்டுப் போ," என்றார் ஜெயபாலன்.

காளியம்மா கூண்டுக் கட்டையை விடவில்லை.

"எனக்கு மன்னிப்பு வேணாம். நான் திருடியிருந்தா செயில்ல போடுங்க. திருடலன்னா என் வழியில விடுங்க. தோட்டத்துக்குப் போன்னு சொல்ல நீங்க யாரு? கங்காணியா?"

ஜெயபாலன் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். கடைசி வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்து மாஜிஸ்திரேட்டு துரை கற்றுக்கொண்ட தமிழ் அந்த ஒரு சொல்தான். முகம் சிவந்துவிட்டது. கோர்ட்டை அவமதித்த குற்றத்துக்குப் பத்து காஜா என்ற ஊரிலுள்ள சிறையில் இரண்டு வாரம் என்றார். அவமதிப்பதற்கு அங்கே என்ன மிச்சம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் வெளியே வந்த அன்று நடந்ததை மாயாண்டியே பிறகு என்னிடம் சொன்னான். கங்காணி தோட்டத்துக்குத் திரும்ப ரயில் டிக்கெட்டுகளோடு ஸ்டேஷனில் காத்திருந்தான். மாயாண்டி மட்டும் சிறை வாசலுக்குப் போயிருக்கிறான்.

"காளி, தொரை ஒன்ன மன்னிச்சிட்டாராம்லா. பழைய வீட்டையே குடுக்குறாராம். வா, போலாம்."

"அவரு மன்னிச்சிட்டாரா? நான் இன்னும் அவர மன்னிக்கல. கோர்ட்டுல மேடை மேல ஒக்காந்திருந்தாரே, அவரையும் மன்னிக்கல. எம்புள்ள ஈப்போவுலதான் பொறக்கும். நீ வாரதுன்னா வா."

வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஈப்போ ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாயாண்டி ஸ்டேஷன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.