செங்கோட மாப்பிள்ளையின் கழுத்துக் கயிறு

நடக்கப்போவது எல்லாம் எனக்கு முன்பே தெரிந்துவிடும். போன வெள்ளிக்கிழமை ராசிபுரம் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி என் பக்கம் வருவதற்குள்ளேயே, "மாப்பிள்ளைக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டேன். "காய்ச்சல்ல போயிட்டாருங்க" என்றார்.

என் தங்கை பாவாயியின் கணவர் செங்கோடனை அறிந்த உங்களுக்கு அவருடைய நிதானம் தெரியும். எங்கே கூப்பிட்டாலும், "முன்னால போங்க மச்சான், மெதுவா வாரேனுங்க" என்பார். கள்ளும் அவர் உடம்பில் அப்படித்தான் நடந்தது. கள்ளுக்கடைகள் இருந்த காலத்தில் நான் ஒரு பானையைக் காலிசெய்துவிட்டு நேராக ஏர் பூட்டுவேன். அவர் ஒரு மொந்தை குடித்தால் மறுநாள் உச்சிவெயிலிலும் தள்ளாடுவார்.

மதுவிலக்கு வந்து கடைகளை மூடினார்கள். அவரும் விட்டார், தள்ளாட்டம் விடவில்லை. முகம் ஊதி, நாக்குத் தடித்து, சித்திரை வெயிலிலும் போர்வைக்குள் தூங்கி வழிந்தார். திருட்டுச் சாராயம் என்றது ஊர். குடியை நிறுத்தும் மந்திரக் கயிறு ஒன்றைப் பாவாயி அவர் கழுத்தில் கட்டினாள். அதற்கும் கேட்காவிட்டால் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவதென்று முடிவு. "கருப்பணார் மேல சத்தியமா தொடறதில்லீங்க" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கயிறு மாதாமாதம் இறுகியது. கயிறு சுருங்கவில்லை, கழுத்துதான் வீங்குகிறது என்று கண்டுபிடித்தவன் நான். சேலத்துக்கு வண்டி கட்டினோம். டாக்டர் தடவிப் பார்த்துச் சொன்னதை, நாலாவது வரை படித்தவனாதலால், உடனே பிடித்துக்கொண்டேன். தொண்டையில் ஒரு சுரப்பி; அதன் நீர்தான் உடம்பென்ற அடுப்பை ஊதிவிடுகிறது. அது குறைந்தால் ஈர விறகுதான். சோறும் மெல்ல எரியும், கள்ளும் மெல்ல எரியும். அன்று ஒரு மொந்தையின் போதை இறங்காததும் இன்று குடிக்காமலே மயங்குவதும் ஒரே குறை. பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆட்டுச் சுரப்பியை உலர்த்திச் செய்த மாத்திரை கொடுத்தார்கள். முகம் வடிந்தது. அடுத்த சந்தைக்கு என்னை முந்தி நடந்தவர் திரும்பிப் பார்த்து, "ஆட்டுச் சத்துங்க மச்சான். இனி நான் முன்னால போறேன், நீங்க மெதுவா வாங்க" என்றார். போன வாரக் காய்ச்சலில், சொன்னபடியே முன்னால் போய்விட்டார்.

ஒன்று மட்டும் மேலே கூட்டி எழுதிவிட்டேன். கழுத்தைக் கண்டுபிடித்தது நானல்ல. குடிகாரன் என்று நம்பிய நாளிலும், அவருக்கு நோகக்கூடாதென்று முடிச்சை அவிழ்த்து, விரல் விட்டுப் பார்த்துத் தளர்த்திக் கட்டிவந்த பாவாயிதான் கண்டுபிடித்தாள். அந்தக் கயிற்றைத்தான் இப்போது என்னிடம் தந்திருக்கிறாள். அவள் அவிழ்த்த முடிச்சு ஒவ்வொன்றின் தடமும் அதில் இருக்கிறது.