பத்மாசினி டீச்சர் கடைசியில் வைத்த குடம்

எங்கள் கோச்சடைத் தெருவில் குடம் தூக்குகிற ஒரு பெண், மந்திரிகளுக்கே முகத்துக்கு நேரே புத்தி சொல்லியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்புதான். அவர்தான் பத்மாசினி டீச்சர். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். காலேஜில் பொருளாதாரம் நடத்தினவர். பிறகு ஆப்பிரிக்காவில் நாடு நாடாகப் போய், சனங்கள் ஏன் இல்லாமையில் கிடக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தவர்.

"அங்க மண்ணுல சாரம் இல்லையா, டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்ல மண்ணு, சுந்தரம்மாக்கா. உழைக்கிற சனம். நல்லா நடத்துற நாடுகளும் இருக்கு. கெட்டுப்போன எடத்துல என்னன்னா, உரம் வரும், மருந்து வரும், அதிகாரத்துல இருக்கவன் தன் ஆளுகளுக்கு மொதல்ல குடுத்துருவான். எம்புட்டு வந்துச்சுன்னே மத்தவங்களுக்குத் தெரியாது. தெரியாம எப்படிக் கேப்பாங்க? வந்ததைப் பொதுச் சுவத்துல எழுதிப் போடுங்கன்னு சொன்னேன்."

"எழுதுனாங்களா?"

"சில ஊர்ல எழுதுனாங்க. ஒரு ஊர்ல என்னைப் பிளேன் ஏத்தி விட்டுட்டாங்க."

போன கோடையில் டீச்சர் மகள் ரம்யாஸ்ரீயைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து வந்தார்கள். தெருவே காய்ந்து கிடந்தது. டீச்சர் வீட்டில் காபி போடக்கூடத் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரி வருமுன்பே செங்கலோ பிய்ந்த செருப்போ வைத்து வரிசையில் இடம் பிடிப்பது எங்கள் வழக்கம். வைக்க மறந்தவர் கடைசி. அன்றைக்கு விசேஷ வேலையில் டீச்சர் மறந்துவிட்டார்.

லாரி டிரைவர் சிவபாண்டி அவர் குடத்தை வாங்கி முதலில் வைத்தான். "டீச்சர் நம்ம ஆளு. பிடிங்க."

டீச்சர் குடத்தை எடுத்துக்கொண்டு நேரே வரிசைக் கடைசிக்குப் போனார். கடைசியாகக் கிடந்த பக்கத்து வீட்டு ரூபினாவின் செருப்புக்கும் பின்னால்.

"இது ஆப்பிரிக்கா இல்ல டீச்சர். ஒத்தக் குடம்தான?" என்றேன்.

"அங்கயும் ஒத்த மூட்டையிலதான்க்கா ஆரம்பிச்சது."

விசேஷ வீட்டுக்கு ஒரு குடம் விட்டுக்கொடுத்தால் தப்பில்லை. இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

ரூபினாவின் முறை வருமுன்பே தண்ணீர் தீர்ந்துபோனது. "பாதி லாரிதான் கொண்டாந்தீகளா, அண்ணே?" என்றாள் அவள்.

சிவபாண்டி தலையைச் சொறிந்தான். "வார்டு கவுன்சிலர் அண்ணன் வீட்டுத் தொட்டிய ரொப்பிட்டுத்தான் வாரேன். நான் என்னம்மா செய்ய?"

டீச்சர் வீட்டுக்குள் போனார். விருந்தாளிகளைக் கவனிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சாக்பீசோடு வெளியே வந்தார். இந்தத் தெருவுக்கு எம்புட்டுத் தண்ணீர், வந்தது எம்புட்டு, மிச்சம் எங்கே போனது என்று தன் காம்பவுண்டுச் சுவரிலேயே பெரிசாக எழுதினார். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் வந்து நின்று அவர்கள் சௌராஷ்டிரா பாஷையில் ஏதோ கேட்டார். டீச்சர் வரிசையைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்தவர்கள் காபி குடிக்காமலே கிளம்பிப் போனார்கள்.

"போச்சு" என்றேன்.

"போனாப் போகட்டும், பெரியம்மா. அம்மா எழுதுனத நான் அழிக்க மாட்டேன்" என்றாள் ரம்யாஸ்ரீ. அம்மாவை மாதிரியே பெண்.

அந்தச் சுவரை யாரோ போட்டோ எடுத்து அனுப்ப, தெருத்தெருவாகப் பரவிவிட்டது. அடுத்த முறை லாரி முழுசாக வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. லாரி வரும்போதெல்லாம் ரூபினாவை அந்தச் சுவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்குகிறேன்.

திருமங்கலத்திலிருந்தும் போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான். "மறுபடியும் வாரோம். காபி குடிக்கணும். இந்தத் தடவையாவது செங்கல் வைக்க மறந்துறாதீங்க, சம்பந்தி."