தேரடி வரை கேட்காத ஹெட்போன்

சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்ற திமிரோடு நான் திரிந்த காலம் அது. எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். காதுகுத்து, ஆடிக் கூழ், கட்சிக் கூட்டம் எதுவானாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். ஒரு செட் நல்ல செட்டா என்று பார்க்க எங்களுக்கு ஒரே பரீட்சைதான். பாட்டைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். எதுவரை கேட்கிறதோ, அதுதான் அதன் தரம். தேரடி வரை கேட்டால் நல்ல சரக்கு. மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையிலிருந்து ஆள் வந்து, "தூங்க வுடமாட்டியாய்யா?" என்று திட்டினால் அதைவிட எனக்கு வேறு மரியாதை வேண்டாம்.

அண்ணன் துபாயில் இருந்தான். கல்யாணமாகி நாற்பதாவது நாள் விமானம் ஏறியவன். கடிதம் எழுதச் சோம்பேறி. பேசிப் பதிந்து கேசட்டாக அனுப்புவான். வந்ததும் கூடத்தில் பெரிய டேப்பில் போடுவோம். அப்பா, அம்மா, எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்துகொள்வார்கள். அண்ணி மட்டும் சமையலறை வாசலில் நிற்பாள். அப்பாவின் முழங்கால், மாட்டின் சினை, மழை என்று எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் அவளுக்கும் ஒரு வரி வரும். "சௌக்கியமா? அம்மா சொல்றதக் கேட்டு நடந்துக்க." அவ்வளவுதான். தெருவே உட்கார்ந்திருக்கும்போது வேறு என்னத்தைப் பேசுவான்? ஒரு தடவை, பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லையே என்று நானே அதை மைக் செட்டில் கோத்துவிட்டேன். அண்ணனுக்கு மூலம் வந்து அவதிப்படும் சேதி தெருக்கோடி வரை போய், மறுநாள் காலையில் நாலு வீட்டிலிருந்து மருந்துக்கென்று துத்தி இலை வந்து சேர்ந்தது.

தெருவே கேட்ட கதை அவனுக்கும் போயிருக்க வேண்டும். அடுத்த தடவை, அங்கிருந்து ஊர் திரும்பிய கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினான். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு டேப்பும் ஹெட்போனும் ஒரு கேசட்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இந்த கேசட்டை அவள் இதை மாட்டித்தான் கேட்க வேண்டும்."

ஹெட்போன் என்னமோ ஜோராகத்தான் இருந்தது. வெள்ளி போல மின்னும் பட்டை, காதுக்கு ஆரஞ்சுப் பஞ்சு. அண்ணி முதல் தடவையாக வாசலை விட்டு இரண்டடி உள்ளே வந்து நின்று பார்த்தாள். அப்பாவுக்குத்தான் சந்தேகம்.

"இதுல பேச்சு வருமாடா? நீதான சவுண்டுல பெரிய ஆளு, பாத்துச் சொல்லு. சரியில்லன்னா எப்பவும் போல நம்ம டேப்புலயே போட்டுக் கேட்டுடலாம்."

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. என் தொழில் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

என்னிடமிருந்த அம்மன் பாட்டு ஒன்றை அந்தச் சின்ன டேப்பில் போட்டேன். ஹெட்போனை மேசைமேல் வைத்து பட்டனை அமுக்கிவிட்டு நடந்தேன். நாலாவது அடியிலேயே பாட்டு செத்துப்போனது. தெருவாசலில் நின்று கையைக் காதுக்குக் குவித்தும் பார்த்தேன். தேரடியாவது, எங்கள் வாசல்படிக்கே வரவில்லை.

"ஆளு பகட்டு, சரக்கு சுத்த மோசம். சவுண்டு ரொம்பக் கம்மி."

"காதுல மாட்டித்தான் பாருங்களேன் தம்பி" என்றாள் அண்ணி.

"காதுல வெச்சா எதுதாங்க அண்ணி கேக்காது? கைக்கடிகாரம்கூடத்தான் கேக்கும்!"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பவர் பத்தவில்லை, பவர் கொடுத்தால் பாடும் என்று ஒயரின் முனையை வெட்டி, இடது காதை என் ஆம்ப்ளிஃபயரில் கோத்தேன். நாலு குழாயை அலறவைக்கிற ஆம்ப்ளிஃபயர் அது. திருகினேன். 'டப்' என்றது. ஆரஞ்சுப் பஞ்சிலிருந்து புகை வந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதை கற்பூரத்தைக் கொளுத்தியே பார்த்துவிட்டது.

"போச்சா?" என்றார் அப்பா. "சரி, அந்த கேசட்ட எடு. பெரிய டேப்புல போடு." அம்மா எதிர்வீட்டைக் கூப்பிட எழுந்தாள்.

"இருங்க மாமா."

அண்ணி குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. நேராகக் கூடத்தின் நடுவுக்கு வந்து மேசைமேலிருந்த கேசட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னொரு காது இருக்கு இல்ல தம்பி? அத ஒட்டிக் குடுங்க."

ஒட்டிக் கொடுத்தேன். அவசரத்தில் உருகிய ஈயம் விரலில் பட்டது. 'ஆ' என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. அண்ணி மாட்டிக்கொண்டு சுவரைப் பார்க்க உட்கார்ந்தாள். எங்கள் கூடம் அப்படி அமைதியாக இருந்ததே இல்லை. நாங்கள் மூன்று பேரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை அந்த முதுகு குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை.

"சவுண்டு எப்படி அண்ணி?" என்றேன். ஹெட்போனில் இடது காது செத்த காது. அந்தப் பக்கம் நின்றுதான் கேட்டேன். அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. திரும்பவே இல்லை.

கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம். முடிந்ததும் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தையும் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

அம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "இம்மா நேரம் என்னாம்மா சொன்னான்?"

அண்ணி எழுந்தாள்.

"சௌக்கியமா இருக்காராம் அத்த. நீங்க சொல்றதக் கேட்டு நடந்துக்கச் சொன்னாரு."