வண்டி ஓட்டுவதை நான் சொல்லவில்லை

என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். விவசாயம் என்றேன். முழுப் பொய் இல்லை, மோகனூருக்கு மேற்கே எனக்கு முக்கால் ஏக்கரில் மரவள்ளி இருந்தது. ஆனால் என் பிழைப்பு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது. காலையும் மாலையும் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அதைச் சொன்னால் வண்டியை விட்டு இறங்கச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் மறைத்தேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம், எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. கைவிரல்கள் மரத்தன. மூச்சு பாதியிலேயே நின்றுவிடுவதுபோல் இருந்தது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். வண்டியை ஓரங்கட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கால்மணி நேரத்தில் தானாக அடங்கியது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. வராத நாட்களில், எப்போது வருமோ என்ற பயம் வந்தது.

அப்படித்தான் சேலத்துக்குப் போனேன். நாமக்கல்லில் மனநல டாக்டர் இல்லாமல் இல்லை. அங்கே யாராவது என்னைப் பார்த்துவிடுவார்கள் என்றுதான் போகவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் சாமான் வாங்கப் போவதாக மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் வேலை செய்கிறாள். என் பேச்சை நம்பிப் பையைக்கூட மடித்துக் கொடுத்தாள்.

டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று காலையில், சாப்பிட்ட பிறகு. அது வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், முதலில் குமட்டலும் தலைவலியும் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். இன்னொன்று சின்ன மாத்திரை, ராத்திரி மட்டும், மூன்று வாரத்துக்கு மட்டும். அது தூக்கத்தைக் கொடுக்கும், வண்டி ஓட்டக்கூடாது, மது தொடக்கூடாது, நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

காலை மாத்திரை சொன்னபடியே வயிற்றைப் புரட்டியது. ஐந்தாம் நாள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சின்ன மாத்திரை அப்படியில்லை. போட்ட அரை மணி நேரத்தில் நெஞ்சை இறுக்கியிருந்த கை விட்டதுபோல் இருந்தது. மூன்று வாரம் முடிந்தும் டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டினால் மாத்திரை கொடுக்க ஒரு மருந்துக்கடை இருந்தது. பிறகு ராத்திரி ஒன்று போதவில்லை. வண்டி எடுக்கும் முன் காலையிலும் ஒன்று போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

ஒரு புதன்கிழமை எனக்குச் சளி. முந்தின நாள் கடையில் கேட்டுச் சளி மாத்திரை வாங்கியிருந்தேன். காலையில் அதையும் சின்ன மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஜேடர்பாளையத்திலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டிக் கொஞ்ச தூரம் எங்கள் வழி போகும். அதில் ஏறியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. தோளில் யாரோ அழுத்தினார்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வண்டியில் ஓர் ஆயா வருவார். அவர்தான் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"தம்பி, நிறுத்துங்க சாமி. நிறுத்துங்க."

நிறுத்தினேன். இடது பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கியிருந்தன. அதற்கப்பால் ஒரு முழம் புல், பிறகு தண்ணீர். இரண்டு நிறுத்தங்களைத் தாண்டி வந்திருந்தேன், அங்கே காத்திருந்த பிள்ளைகளைக் கண்டதாகவே நினைவில்லை. வண்டிக்குள் பின் சீட்டில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது. வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி தாரில் ஏற்றினேன். ஆயா பள்ளி போய்ச் சேரும்வரை என் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தார்.

அன்றைக்கே மீதி மாத்திரைகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொன்னேன். குற்றத்தைக் கழுவிவிட்டதாக நினைத்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கி டீ சிந்தியது. குக்கர் விசில் மண்டையில் அடித்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தரை அலையலையாக அசைந்தது. முன்பு வந்த பயம் கால்மணி நேரத்தில் போய்விடும். இது போகவே இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று உறுதியாக நம்பினேன். மத்தியானம் பண்ணையிலிருந்து மனைவி வந்தபோது நான் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தேன்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? யாராச்சும் என்னமாச்சும் சொன்னாங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சேலம் போனது, பொய் சொன்னது, வாய்க்கால் ஓரம். கடைசியைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. எங்கள் மகளும் ஒருகாலத்தில் அந்த வண்டியில் போனவள்தான். சேலை மாற்றிக்கொண்டு வந்து, கிளம்புங்க என்று மட்டும் சொன்னாள். சேலம் வரை பேருந்தில் என் மணிக்கட்டை விடவே இல்லை.

டாக்டர் கோபிக்கவில்லை, அதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது. பேனாவை வைத்துவிட்டு, எத்தனை மாத்திரை, எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று கேட்டார்.

"இத்தனை நாள் போட்டதை ஒரேடியா நிறுத்தினா வலிப்புகூட வந்திருக்கும். நீங்க வண்டியில இருக்கறப்ப வந்திருந்தா?"

சளி மாத்திரையைப் பற்றிச் சொன்னதும், பல சளி மருந்துகளே தூக்கம் கொடுக்கும், இதோடு சேர்ந்தால் இரண்டு மடங்காகும் என்று விளக்கினார். அன்று சாயங்காலம் வரை என்னை அங்கேயே ஒரு கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சின்ன மாத்திரையை மறுபடி கொடுத்தார்கள். இந்தத் தடவை ஏற்றுவதற்கு அல்ல, இறக்குவதற்கு. முக்கால், அரை, கால் என்று வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். காலை மாத்திரையைக் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

பள்ளியில் வண்டிகளைக் கவனிக்கும் மேலாளரிடம் மறுநாள் நானே போய்ச் சொன்னேன். அவர் கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். டயரும் ஆயிலும் பார்க்கும் வேலையில் ஷெட்டில் போட்டார். ஆயா என்னைத் தேடி அங்கே வந்தார்.

"ரெண்டு மாசமாவே உங்க கண்ணு சரியில்லீங்க தம்பி. சொன்னா உங்க பொழப்பு போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன். அது தப்புங்க. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி எனக்குச் சோறே எறங்கலீங்க."

மாத்திரைகளை மனைவி தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். காலை மாத்திரையை இட்லி சாப்பிட்ட பிறகே தருவாள். குமட்டல் பத்து நாளில் அடங்கியது. வாய் வறட்சி இருந்தது, பாட்டிலில் தண்ணீர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். டீயை ஒரு வேளையாகக் குறைத்தேன். சின்ன மாத்திரையைக் குறைத்த ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு நாள் பயம் திரும்பி வந்தது. நோய் முற்றிவிட்டதோ என்று ஒவ்வொரு தடவையும் நடுங்கினேன். அரையிலிருந்து காலுக்கு இறங்கியபோது தாங்கவே முடியவில்லை. போனில் சொன்னேன், மறுபடி அரைக்கே போய் இன்னும் இரண்டு வாரம் இருங்கள் என்றார் டாக்டர். இருந்தேன்.

ஐந்து மாதத்தில் சின்ன மாத்திரை முழுவதும் நின்றது. அதன்பிறகும் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் வேறொரு ஓட்டுநரைப் பக்கத்தில் உட்காரவைத்து வெறும் வண்டி ஓட்டச் சொன்னார் மேலாளர். பிறகு பிள்ளைகளை ஏற்றினேன்.

சில வாரம் கழித்து எனக்குப் பல்வலி. பல் டாக்டர் சீட்டு எழுதத் தொடங்கியதும், நான் இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அட்டையை எடுத்து நீட்டினேன். அதைப் படித்துப் பார்த்து, எழுதிய வலி மாத்திரையை அடித்துவிட்டு வேறு எழுதினார். பதற்றத்துக்கா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். திரும்பினால், திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் என் வண்டியில் வரும் ஒரு பெண் குழந்தையின் அப்பா உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை அந்த நிறுத்தத்தை நெருங்கும்போது என் இதயம் பழையபடி அடித்தது. எப்போதும் பாப்பா தனியாகத்தான் நிற்கும். அன்று அந்த அப்பா அதன் கையைப் பிடித்து நின்றிருந்தார். என் ஜன்னலுக்கு வந்தார்.

"இப்ப எப்படிங்க இருக்குது?"

"பரவால்லீங்க. ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காருங்க. பள்ளிக்கூடத்துலயும் தெரியுங்க."

அவர் என் கண்ணையே பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. பின்னால் ஒரு பால் வண்டி ஹாரன் அடித்தது. அவர் பிள்ளையைத் தூக்கிப் படியில் விட்டார். ஆயா உள்ளே இழுத்துக்கொண்டார்.

அடுத்த நாளும் அவர் வந்து நின்றார். அந்த வாரம் முழுக்க நின்று, வண்டி திரும்பும்வரை பார்த்தார். அவர் இடத்தில் நானிருந்தாலும் நின்றிருப்பேன்.