வீட்டு எண் கேட்டால் தெருப் பெயர் சொன்னவர்

பம்மலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா காலையில தவறிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்." முந்தைய நாள் அக்காவுக்கு நான் அனுப்பிய செய்தி பதிலில்லாமல் கிடந்தது: 'வீட்டுவாரியாகக் கேட்கிறார்கள். என்ன சொல்வது?' அழுகை வருவதற்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அவரோடு வெயிலில் தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசுத் திட்டங்கள் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று வீடு வீடாக விசாரித்து மதிப்பிடுவது, அக்காவும் நானும் சேர்ந்து உழைத்த எங்கள் குழுவின் வேலை. தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் இருந்து நடத்துகிறோம். கேள்விகள் மட்டும் எங்கிருந்தோ தயாராகி வரும். 'வடிகால் வசதி திருப்திகரமாக உள்ளதா?' என்று படித்தாலே அக்காவுக்கு எரிச்சல் வந்துவிடும். "வாசல்ல வந்து நிக்கறவங்ககிட்ட யாரு குறை சொல்வாங்க? குடிக்கத் தண்ணி குடுத்து, பரவால்லன்னு சொல்லி அனுப்பிடுவாங்க" என்பார்.

செம்பாக்கம் பக்கம் ஏரியை ஒட்டிய ஒரு தெருவில் அதுதான் நடந்தது. மழைநீர் உள்ளே வருவதே இல்லை என்று எல்லா வீட்டிலும் சொல்லிவைத்தாற்போலச் சொன்னார்கள். நானும் நம்பி நல்ல மதிப்பெண் போடத் தயாரானேன். அக்கா மட்டும் ஒரு வீட்டு ஹாலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளக் பாயிண்ட் எல்லாம் கழுத்தளவு உயரத்தில் இருந்தன. பிரிட்ஜ் ஒரு சிமெண்ட் மேடை மேல் ஏறி நின்றது. "எல்லாத்தையும் ஏன் இவ்ளோ ஒசரத்துல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரர் தனலட்சுமி சிரித்து மழுப்பப் பார்த்தார், முடியவில்லை. "இன்னான்னு சொல்றது மேடம். வருஷா வருஷம் முட்டி வரிக்கும் தண்ணி வந்துகினுதான் கீது. வெளிய சொன்னா ஏரி எடம்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்கன்னா? வூட்ட வுட்டு எங்க போவோம்?"

வடிகால் பணிகளை முடிவு செய்யும் அரசு அலுவலகத்திலோ, புகார் வராத தெருவுக்கு வடிகால் எதற்கு என்றிருந்தார்கள். அக்கா அந்த ஹாலில் நின்றபடியே வாக்குக் கொடுத்தார்: "தெரு பேரை மட்டும்தான் சொல்வோம்மா. வீட்டு நம்பர் எங்களைத் தாண்டிப் போகாது." அதன்பிறகு அந்தத் தெருவில் கதவுகள் தாராளமாகத் திறந்தன. திருப்தியா என்று கேட்பதை நாங்கள் விட்டுவிட்டோம். பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்தோம்.

அலுவலகத்தில் முதலில் சிரித்தார்கள். அக்கா விடாமல் போய்ப் போய் உட்கார்ந்தார். கடைசியில், புகார்களோடு இந்த அடையாளங்களையும் பார்த்துத்தான் வடிகாலுக்குத் தெருக்களைத் தேர்ந்தெடுப்பது என்று விதியையே மாற்றினார்கள். ஊரப்பாக்கம் வரை அதே முறையில் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். நான் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தால், அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குச் சந்தோஷப்படவே தெரியாதுக்கா" என்று கிண்டல் செய்தேன். "விதி மாறினது நல்லதுதான். நாளைக்கு இதே தகவலை வேற எதுக்காவது யாராவது கேட்டா? எனக்கு அதான் பயமா இருக்கு" என்றார்.

இப்போது கேட்டுவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் அதிகாரி, வீட்டுவாரியாக விவரம் தராவிட்டால் தனலட்சுமியின் தெருவை இந்த ஆண்டு வடிகால் பணியிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்கிறார். விவரம் எதற்கெல்லாம் பயன்படும் என்று கேட்டேன். "அதெல்லாம் மேல முடிவு பண்ணுவாங்க சார்" என்றார். வியாழக்கிழமை கூட்டம். மழைக்காலம் நெருங்கிவிட்டது. எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

அடக்கத்துக்குத் தனலட்சுமியும் வந்திருந்தார். எல்லோரும் கலையும்போது என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "சார், அந்த மேடம் குடுத்த வாக்கு இன்னும் கீதா? இல்ல, அவங்களோட போயிடுச்சா?"

"இருக்கும்மா" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். வியாழக்கிழமை வீட்டு எண்களைக் கேட்பார்கள், நான் தெருப் பெயரைச் சொல்வேன். மழைக்கு முன்னால் வடிகால் வராமல் போனால், தனலட்சுமியின் முகத்தைப் பார்த்து அதையும் நான்தான் சொல்ல வேண்டும்.