பேய்க்குக் கீழே ஓடிய பிரியாணி

“கடைசி ரீல் கிடைக்கவில்லை சார். அது இல்லாமல் டிஸ்க் வெளியிட மனம் வரவில்லை.” பழைய பேய்ப்படம் ஒன்றை மீட்டுக்கொண்டிருந்தவர் போன மார்கழியில் அனுப்பிய மின்னஞ்சல் இது. அந்த வேலைக்குக் கூட்டாகப் பணம் போட்ட ரசிகர்களில் நானும் ஒருவன். டிஸ்க்கில் வரும் இத்தகைய படங்களுக்கு வலைப்பூவில் விமர்சனமும் எழுதுகிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் முன்பு கேபிள் டிவி நடத்திய பாயிடம் கேட்டுப் பார்த்தேன்.

அவர் தன் கேபிளில் அந்தப் படம் ஓடியபோது பதிந்த வீடியோ கேசட்டைத் தேடியெடுத்துப் போட்டுக் காட்டினார். கடைசிக் காட்சி முழுதாக இருந்தது. ஆனால் கிணற்றிலிருந்து பேய் எழும்போது, திரையின் அடியில் அவருடைய மச்சானின் பிரியாணிக் கடை விளம்பரம் ஓடியது.

“பேயும் கீது, பிரியாணியும் கீது சார். பிரிக்க முடியாது. மச்சான் கடையை மூடிட்டான், விளம்பரம் மட்டும் இன்னும் ஓடிக்கினு கீது.”

மீட்டவர் அதை அப்படியே சேர்த்து வெளியிட்டார். டிஸ்க்கின் நன்றிப் பட்டியலில் பாயின் பெயரும், அதன் கீழே மூடிய கடையின் பெயரும் இருக்கின்றன. என் விமர்சனத்திலும் முதல் நன்றி பாய்க்குத்தான்.

கேசட்டின் மேல் பாய் எழுதியிருக்கும் ஒளிபரப்புத் தேதி, படம் வெளியானதாகச் சொல்லப்படும் தேதிக்கு முந்தையது. எது பிழை என்பதை இன்னும் சரிபார்க்க முடியவில்லை.