அவள் பேசியது மட்டும் புரிந்தது

எங்கள் பக்கத்தில் ஏஜென்ட் என்றால் துறைமுகத்தில் சரக்கை வெளியே எடுத்துத் தருகிறவர். எனவே டோல்கேட் டீக்கடையில் நான் "ஒரு ஏஜென்ட் தேடிகினு கீறேன்" என்று வாய்விட்டது என் தப்புதான். அந்தத் தொழிலிலேயே இருக்கும் பள்ளித் தோழன் உடனே நிமிர்ந்தான்.

"இன்னா சரக்கு மாமு?"

"நாவல்."

"நாவப்பழமா? அழுகிப்பூடும்பா. ஏசி கன்டெய்னர் போடணும்."

கதை, புத்தகம் என்று விளக்கியதும் அவனுக்கு என்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. பழமாக இருந்திருந்தால் உதவியிருப்பான்.

தமிழில் எழுதுகிறவனுக்கு ஏஜென்ட் தேவையில்லைதான். பதிப்பாளரிடம் நேரே போய் நிற்கலாம். நின்றேன். ஐம்பதைத் தாண்டியவனின் முதல் நாவல் என்றதும் எல்லோரும் என் உடல்நலத்தை விசாரித்தார்களே தவிர நாவலை விசாரிக்கவில்லை. அப்போதுதான், பெங்களூரில் ஒரு பெண் தமிழ் நாவல்களைப் படித்துப் பார்த்து, பிடித்திருந்தால் இங்கே பதிப்பாளரையும் வெளியே மொழிபெயர்ப்பாளரையும் பிடித்துத் தருகிறார் என்று கேள்விப்பட்டேன். மொத்தக் கையெழுத்துப் பிரதியையும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, எண்ணூர் கன்டெய்னர் யார்டில் என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது.

"முழுசாப் படிச்சுட்டனுங்க சார். உங்க ஆம்பளைங்க பேசறது எனக்குப் பாதி புரியலைங்க."

ராயபுரத்து பாஷையைச் சமரசமில்லாமல் எழுதியிருப்பதைப் பற்றி நான் ஒரு சிறு சொற்பொழிவு தயாராக வைத்திருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"அது பரவால்லைங்க, நல்லாத்தான் இருக்குது. ஆனா உங்க பொம்பளைங்க பேசறது எனக்கு எல்லாமே புரிஞ்சுடுச்சுங்க. அங்கதான் சந்தேகம் வந்துச்சு."

சொற்பொழிவை விழுங்கினேன். என் கதாநாயகி காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். கணவன் ட்ரெய்லர் லாரி டிரைவர். அவன் "நான் துபாய்க்குப் போறேன்" என்று சொல்லும் அத்தியாயத்தில் அவள் ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். "பிரிவு என்பது தூரத்தில் இல்லை" என்று ஆரம்பிக்கிறாள். எங்கள் பேச்சைக் கேலி செய்கிறார்கள் என்று சினிமாக்காரர்களைப் பத்து வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். எனக்குப் பிடித்தமான பெண்ணை எழுதும்போது மட்டும், வாயைக் கழுவிப் பட்டுப்புடவை கட்டி உட்கார வைத்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க அந்தப் பெங்களூர்ப் பெண் ராயபுரத்தை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க வேண்டியிருக்கவில்லை. இப்படியும் ஒருவர் படிக்க முடியுமா என்று அசந்துபோனேன்.

"திருத்திக் குடுங்க, இன்னொருக்கா படிக்கறேன். எடுத்துக்குவேன்னு இப்ப சொல்ல மாட்டேங்க."

வேறு யாரும் என் நாவலை இரண்டாவது தடவை படிக்கப் போவதில்லை. முதல் தடவையே யாரும் படிக்கவில்லை.

வீட்டில் ராயபுரத்துக் கல்மண்டபம் பகுதியில் பிறந்த ஒருத்தி இருக்கிறாள், என் மனைவி. திருவொற்றியூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் சுத்தமான தமிழ் பேசுவாள். வீட்டு வாசலில் செருப்போடு அதையும் கழற்றி விடுவாள். அந்த ஒன்றரைப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ஆண்டு விழாக் குரலில் பாதிவரை படித்தாள்.

"இன்னாய்யா இது, மீன் விக்கறவ கல்யாணப் பத்திரிக்கை படிச்சிகினு கீறா?"

"சரி, நான் துபாய் போறேன்னு வச்சுக்கோ. நீ இன்னா சொல்லுவே?"

அவள் விடைத்தாள் கட்டை இழுத்துக்கொண்டாள். தலை நிமிரவில்லை.

"போறியா? போ. சோறு ஆறிடும், துன்னுட்டுப் போ."

பேனாவோடு காத்திருந்தேன். "அவ்ளோதானா?"

"போறவனாண்ட ஒன்றரைப் பக்கம் பேசினா ஃப்ளைட்டு பூடும்." ஒரு தாளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா அதுக்கப்புறம் பேச மாட்டா. பக்கத்து வூட்டாண்ட பேசுவா, கீரைக்காரியாண்ட பேசுவா, உன்னாண்ட மட்டும் பேச மாட்டா. அத்த எய்து."

'அவனாண்ட' என்று சொல்லவில்லை, 'உன்னாண்ட' என்றாள். நான் திருத்தவில்லை. ஒன்றரைப் பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அதன் இடத்தில் மனைவி சொன்ன அந்த ஒரு வரியும், அதன்பிறகு அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும் சத்தம் போடும் ஓர் அத்தியாயமும் வந்தன. என் நாவலிலேயே நல்ல அத்தியாயம் அதுதான். அதில் நான் எழுதியது நிறுத்தற்குறிகள் மட்டும்.

பிறகு சில மாதங்கள் ஒவ்வொரு பெண்ணாக மறுபடி எழுதினேன். உற்சாகத்தில் எல்லா வரியிலும் 'இன்னா' போட்டேன். மனைவி சிவப்பு மையில் சுழித்துத் தள்ளினாள்.

"வாயத் தொறந்தா இன்னா இன்னான்னு கத்தறதுக்கு நாங்க இன்னா காமெடி டிராக்கா?"

அந்தக் கேள்வியிலேயே மூன்று 'இன்னா' இருந்ததைச் சுட்டிக்காட்டும் தைரியம் எனக்கில்லை. அவளுக்கு எது எங்கே வரவேண்டும் என்று தெரியும். எனக்கு வரவேண்டும் என்று மட்டும் தெரியும்.

அனுப்பினேன். இந்தத் தடவை கைபேசியை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அது அங்கிருந்தே அலறியது.

"எடுத்துக்கறனுங்க சார்," என்றார் பெங்களூர்ப் பெண், வணக்கம்கூடச் சொல்லாமல். "அவ பேசாம இருக்கற அத்தியாயத்தை எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேங்க. அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க. சமையலறையில இருந்து ரொம்ப நேரம் வரவே இல்லை."

நான் காலி இழுப்பறையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு விஷயம். இப்ப அவ பக்கத்துல உங்க ஹீரோ கொஞ்சம் மண்ணாந்தை மாதிரி தெரியறாருங்க. அதைத் திருத்திடாதீங்க."

வீட்டில் சொன்னேன். "எடுத்துகிச்சா அந்தப் பொண்ணு?" என்று மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். ஹீரோ விஷயத்தைச் சொன்னதும் மறுபடி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. ஆனாலும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்கிறேன். அந்த லாரி டிரைவருக்குப் புத்திசாலித்தனமாக ஒரே ஒரு வசனம் கொடுத்தால் என்ன என்று கை அரிக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வரி போதும். கொஞ்சநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிடுகிறேன்.